'எழுத வேண்டாம்' என்ற ஆலோசனை

கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு சரியாகிப்போன ஒரு பெண் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: அதைப் படிவத்தில் எழுத வேண்டாம். ஏஜென்ட் சொல்கிறார், வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், அப்படியே எழுதாமல் பாலிசி எடுத்த தோழியும் சொல்கிறார். இவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இந்த ஆலோசனை மருத்துவத்தில் பாதியை மட்டும் பார்க்கிறது. காப்பீட்டுச் சட்டத்தை அரைகுறையாகப் படிக்கிறது. பாதகம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதை யோசிப்பதே இல்லை.

மறுப்பதற்கு முன் அந்த வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை தற்காலிகமானது. குழந்தை பிறந்து சில நாட்களிலேயே பெரும்பாலான பெண்களுக்கு அளவு இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே 'சர்க்கரை நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பதே உண்மையான பதில். எழுதினால் கூடுதல் பரிசோதனை, கூடுதல் பிரீமியம், ஒத்திவைப்பு, சில வேளை நிராகரிப்பு. ஒரு நிறுவனம் நிராகரித்துவிட்டால் அடுத்த நிறுவனத்தின் படிவத்தில் அதையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டால் எந்த நிறுவனமும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. இதில் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இது இவ்வளவு பேரை நம்பவைக்கிறது.

1. போனது சர்க்கரை, அது வரக் காரணமான குறை போகவில்லை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. கணையம் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து பெரும்பாலோருக்கு ஈடுகட்டிவிடுகிறது. சிலருக்கு அந்தக் கூடுதல் திறன் போதவில்லை, சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடை நீங்குகிறது, அளவு இறங்குகிறது. கணையத்தின் திறன் மட்டும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வயது, எடை, அடுத்த கர்ப்பம் என்று ஏதாவது ஒன்று மறுபடி அழுத்தும்போது அது தெரியவரும். அடுத்த கர்ப்பத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை திரும்புகிறது. 2009இல் லான்செட் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டது. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு அதை ஏறத்தாழ பத்து மடங்கு என்றது. இதயநோயும் கணக்கில் சேர்கிறது: 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் இதய, ரத்தக்குழாய் நோய்களின் அபாயம் சுமார் இரு மடங்காக இருந்தது, நீரிழிவு வராமலே இருந்த பெண்களுக்கும் அபாயம் கூடுதலாகவே தெரிந்தது.

முப்பது வயதில் எடுக்கும் டேர்ம் பாலிசி அறுபது, அறுபத்தைந்து வயது வரை ஓடுகிறது. மேலே சொன்ன நோய்கள் தலைகாட்டும் காலம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. 'அது முடிந்துபோன விஷயம்' என்ற வாதம் பிரசவ வார்டோடு நின்றுவிடுகிறது; பாலிசியோ அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகளைப் பற்றியது.

2. 'இப்போது இல்லையே' என்பது, கேட்காத கேள்விக்குச் சொல்லும் பதில். இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுப் படிவங்கள் பொதுவாக 'இப்போதோ இதற்கு முன்போ' சர்க்கரை நோய் அல்லது ரத்தத்தில் கூடுதல் சர்க்கரை இருந்ததா, சிகிச்சை எடுத்ததுண்டா என்று கேட்கின்றன. பெண்களுக்கான பகுதியில் கர்ப்பம், பிரசவம் தொடர்பான சிக்கல்கள் தனியாகக் கேட்கப்படுகின்றன. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுத்ததையும், வாரக்கணக்கில் இன்சுலின் போட்டுக்கொண்டதையும் 'இதற்கு முன்' என்ற சொல்லுக்குள் வராதது போல வாசிக்க முடியாது.

குணமாகிவிட்டது என்ற காரணம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு பி.சி. சாக்கோ வழக்கு ஒன்று போதும். பாலிசி எடுத்தவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டதைப் படிவத்தில் சொல்லவில்லை. பாலிசி எடுத்த சில மாதங்களில் இறந்தார். 2007இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது, சொல்லாமல் விட்டதை நியாயப்படுத்தவில்லை.

3. மூன்று ஆண்டுகள் என்ற கணக்கு பலர் நினைப்பது போல ஒருமுறை ஓடி முடிவதில்லை. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டுகள் கழிந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது. இது பாலிசிதாரருக்குப் பெரிய பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் எப்போது தொடங்குகின்றன என்பதையும் அதே பிரிவே சொல்கிறது: பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த நாள், ரைடர் (கூடுதல் காப்பு) சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. பிரசவ விடுப்பு, வேலை மாற்றம், வீட்டுக் கடன் என்று பிரீமியம் தவறிப்போய், பாலிசி லேப்ஸ் ஆகி, பிறகு புதுப்பிக்கப்படுவது இளம் குடும்பங்களில் சாதாரணம். எட்டு ஆண்டுகள் பிரீமியம் கட்டியவருக்கும் புதுப்பித்த அன்று மறுபடி முதல் நாள். புதுப்பிக்கும்போது கேட்கப்படும் உடல்நல உறுதிமொழியிலும் அதே பொய்யை இன்னொரு முறை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அந்த மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால் என்ன ஆகும்? நிறுவனங்கள் இதை 'முன்கூட்டிய கிளெய்ம்' என்று தனியாக வைத்து விசாரிக்கின்றன. மருத்துவமனைப் பதிவுகளைத் தேடிப் போகிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையைப் பொறுத்தவரை தேடுவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் என்ற அரசுப் பதிவு எண் உண்டு. தாய் சேய் நல அட்டையில் சர்க்கரை அளவு எழுதப்பட்டிருக்கும். பிரசவத்துக்குப் பின் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது மூன்றாவது வரியிலேயே 'ஜி.டி.எம். ஆன் டயட்' என்றோ 'ஜி.டி.எம். ஆன் இன்சுலின்' என்றோ இருக்கும்; ஜி.டி.எம். என்பது கர்ப்பகாலச் சர்க்கரையின் ஆங்கிலச் சுருக்கம். குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு அந்தக் காகிதமும் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இதைவிடக் கடுமையான ஒரு வரி 45ஆம் பிரிவில் இருக்கிறது. ஆலோசனை சொல்பவர்கள் யாரும் அதைக் குறிப்பிடுவதில்லை. தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பதைச் சட்டம் மோசடி என்ற வரையறைக்குள் வைக்கிறது. மோசடி என்று நிறுவனம் குற்றம்சாட்டும்போது பாலிசிதாரர் உயிரோடு இல்லையென்றால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பணத்துக்கு உரியவர்கள் மீது விழுகிறது. மனைவி படிவத்தில் 'இல்லை' என்று ஏன் எழுதினார், எந்த எண்ணத்தில் எழுதினார் என்பதைக் கைக்குழந்தையோடு நிற்கும் கணவன் நிரூபிக்க வேண்டும். பதில் தெரிந்த ஒரே ஆள் இறந்துவிட்டார். மோசடி என்று முடிவானால் கட்டிய பிரீமியம்கூடத் திரும்ப வராது. மோசடி இல்லாத தவறான தகவல் என்றால் மட்டுமே 90 நாட்களுக்குள் பிரீமியத்தைத் திருப்பித் தரச் சட்டம் சொல்கிறது.

4. 'சர்க்கரையால் சாகவில்லை என்றால் பணம் தந்துதான் ஆக வேண்டும்' என்பது பாதி உண்மை. மறைத்த நோய்க்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்பதைக் கருத்தில் கொண்டு உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்னதுண்டு; சுல்பா மோதேகாவ்ங்கர் வழக்கு அப்படிப்பட்டது. ஆனால் 2019இல் ரேகாபென் ராத்தோட் வழக்கில் அதே நீதிமன்றம், முன்பு எடுத்திருந்த இன்னொரு பாலிசியைச் சொல்லாமல் விட்டதையே கோரிக்கையை நிராகரிக்கப் போதுமான காரணமாக ஏற்றது. இன்னொரு பாலிசி இருப்பது யாருடைய சாவுக்கும் காரணமாகாது. நிறுவனம் முடிவெடுக்கும் தருணத்தில் அந்தத் தகவல் முக்கியமாக இருந்ததா என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

சட்டம் குடும்பத்தைக் கைவிட்டுவிட்டது என்று சொல்வதும் சரியல்ல. உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பை 45ஆம் பிரிவு நிறுவனத்தின் மீது வைக்கிறது. 2024இல் மகாகாளி சுஜாதா வழக்கில், மறைப்பை உரிய ஆதாரத்தோடு நிறுவனம் நிரூபிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் நாமினியின் பக்கம் நின்றது. ஆனால் இந்தத் தீர்ப்புகள் எல்லாம் எங்கே கிடைத்தன என்று பார்க்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று ஏறி, ஆண்டுக்கணக்கில் அலைந்து, தில்லியில். டேர்ம் பாலிசி எடுப்பதே வருமானம் நின்றுபோன மறுமாதம் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடிய வேண்டும் என்பதற்காக. பத்தாண்டு கழித்து வெல்லும் வழக்கு அந்த வேலையைச் செய்யாது.

5. ஏஜென்ட் சொன்னார் என்பது காப்பாற்றாது. காப்பீட்டைப் பேசி முடிப்பவர் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்று 45ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு யார் சாட்சி சொல்வது? படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: கேள்விகள் விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன, பதில்கள் அவர் சொன்னபடியே எழுதப்பட்டன என்று. அதன் கீழேதான் கையெழுத்து. ரேகாபென் வழக்கில், படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது, வேறொருவர் நிரப்பினார் என்ற வாதம் எடுபடவில்லை. கையெழுத்துப் போட்டவர் அதன் விளைவிலிருந்து விலக முடியாது என்றது நீதிமன்றம். இன்று பெரும்பாலும் ஓ.டி.பி.தான் கையெழுத்து. போனில் வந்த எண்ணை ஏஜென்டிடம் வாசித்துச் சொன்ன நொடியில், படித்தே பார்க்காத இருபது பதில்களுக்கு அந்தப் பெண் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

பாலிசி கைக்கு வரும்போது படிவத்தின் நகலும் கூடவே வருகிறது. முப்பது நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு 2024 விதிமுறைகளில் இருக்கிறது. அந்த முப்பது நாட்களில் செய்ய வேண்டிய முதல் வேலை, மருத்துவக் கேள்விகள் உள்ள பக்கத்தை எடுத்து, 'இல்லை' என்ற கட்டத்தில் வரிசையாக விழுந்திருக்கும் டிக்குகளை ஒவ்வொன்றாகப் படிப்பது.

6. எழுதினால் பாலிசியே கிடைக்காது என்ற பயம்தான் இந்த ஆலோசனையின் உயிர்நாடி. நிறுவனத்தில் விண்ணப்பத்தை எடைபோடும் அண்டர்ரைட்டர் என்ன பார்க்கிறார் என்பது தெரிந்தால் அந்தப் பயம் தணியும். அவருக்கு வேண்டியது நோயின் பெயரைவிட இன்றைய நிலை: பிரசவமாகி எவ்வளவு காலம் ஆயிற்று, உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமானதாக இருந்ததா, இன்சுலின் தேவைப்பட்டதா, பிரசவத்துக்குப் பின் பரிசோதனை இயல்பாக வந்ததா, இப்போதைய எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எவ்வளவு, எடை, ரத்த அழுத்தம், பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. கர்ப்பமாக இருக்கும்போதும் பிரசவமான புதிதிலும் விண்ணப்பித்தால் ஒத்திவைப்பது வழக்கம். அது தள்ளிப்போடுவதே தவிர மறுப்பு இல்லை. எல்லாம் இயல்பாக இருந்தால் வழக்கமான பிரீமியத்திலேயே பாலிசி கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எல்லைக்கோட்டில் இருந்தால் லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், போடுவார்கள்.

பத்து மடங்கு அபாயம் என்றால் பிரீமியமும் பத்து மடங்கா என்று கேட்கலாம். அந்தப் பத்து மடங்கு, நீரிழிவு வருவதற்கான வாய்ப்பைப் பற்றியது. ஆயுள் காப்பீட்டுக்கு மரண வாய்ப்பே கணக்கு. முப்பது வயதுப் பெண்ணின் மரண வாய்ப்பு மிகச் சிறியது. அதில் கொஞ்சம் கூடினாலும் சிறியதே. ஒரு கோடி ரூபாய் பாலிசிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரீமியம் என்று வைத்துக்கொண்டு, அதில் பாதியை, அதாவது ஐயாயிரத்தை, லோடிங்காகச் சேர்த்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு ஒன்றரை லட்சம்தான். மறைப்பதால் மிஞ்சுவது அதிகபட்சம் அந்த ஒன்றரை லட்சம். போகக்கூடியது ஒரு கோடி.

எப்படி எழுதுவது என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. 'சர்க்கரை இருந்தது' என்று ஒற்றை வரியில் எழுதினால் அண்டர்ரைட்டர் மோசமானதையே ஊகிப்பார். உதாரணமாக இப்படி எழுதலாம்: '2022 கர்ப்பத்தின் 26ஆம் வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை கண்டறியப்பட்டது. உணவுக் கட்டுப்பாடு மட்டும். மாத்திரையோ இன்சுலினோ இல்லை. பிரசவத்துக்குப் பின் 6ஆம் வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை: வெறும் வயிற்றில் 88, இரண்டு மணி நேரத்தில் 121. சென்ற மாத எச்.பி.ஏ.1.சி. 5.4. அறிக்கைகள் இணைக்கப்பட்டுள்ளன.' இந்த நான்கைந்து வரிகள் நிறுவனத்தின் சந்தேகத்தைத் தீர்க்கின்றன. பின்னாளில் மறைத்ததாகச் சொல்ல வழியே இல்லாமல் செய்கின்றன. ஒரு நிறுவனம் கடுமையாக லோடிங் போட்டால் காரணம் கேட்டு எழுதலாம். மற்ற நிறுவனங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

7. 'பரிசோதனை செய்துகொண்டதற்காகப் பெண்ணைத் தண்டிப்பதா?' இந்த எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது, கோபமும் நியாயமானது. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் நீண்ட முயற்சியின் பயனாகத் தமிழ்நாடு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்ற அந்த முறையையே பின்னர் மத்திய அரசின் வழிகாட்டுதலும் ஏற்றது. இதனால் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் பதிவாகிவிடுகிறது. அதே வயது ஆணுக்கு அப்படி ஒரு பரிசோதனை எந்தக் காலத்திலும் நடப்பதில்லை. அவர் கூசாமல் 'இல்லை' என்று டிக் அடிக்கலாம், அது உண்மையாகவும் இருக்கும்.

'கர்ப்பகாலச் சர்க்கரை' என்ற பெயருக்குள் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. 1964இல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மஹனும் 752 பெண்களை வைத்து வகுத்த பழைய அளவுகோல், தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதைப் பார்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட அளவுகோல் குழந்தைக்கு வரும் பாதிப்பை வைத்து வகுக்கப்பட்டது; அதில் இரண்டு மணி நேர அளவின் எல்லை 153. இந்திய முறையில் 142 வந்து உணவிலேயே சரியான பெண்ணுக்கும், பன்னிரண்டாம் வாரத்திலேயே இன்சுலின் தேவைப்பட்ட பெண்ணுக்கும் ஒரே பெயர். இருவரையும் ஒரே தட்டில் வைத்து லோடிங் போடும் நிறுவனம் தவறு செய்கிறது. அதை உரக்கச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்பதெல்லாம் நியாயம் என்று ஏற்க வேண்டியதும் இல்லை. 1991இல் நீரா மாத்தூர் வழக்கில், எல்.ஐ.சி. தன் பெண் ஊழியர்களிடம் மாதவிடாய், கருத்தரிப்பு பற்றிக் கேட்ட கேள்விகளை இழிவுபடுத்துபவை என்று சொல்லி, அவற்றை நீக்கும்படி உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. அது வேலைக்கான படிவம். ஆனால் ஒரு கேள்வியைப் பொதுவெளியில் எதிர்த்து மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தால் அண்டர்ரைட்டிங் விதிகள் ஒருநாளும் திருந்தப்போவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பெண்கள் எல்லாம் மறைந்துகொண்டால், நிறுவனத்தின் கண்ணில் படும் 'கர்ப்பகாலச் சர்க்கரை வரலாறு' நோய் முற்றியவர்களுடையதாக மட்டுமே இருக்கும்.

8. படிவத்தில் மறைப்பவர் மருத்துவரிடமிருந்தும் மறையத் தொடங்குகிறார். இந்த விளைவு பணத்தைவிடப் பெரியது. பிரசவமான ஆறாம் வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனை, பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று தொடர்ந்து பார்க்கச் சொல்கின்றன வழிகாட்டுதல்கள். 'ரெக்கார்டில் வந்துவிடும்' என்ற பயம் சேர்ந்தால், குழந்தை வளர்ப்பில் ஏற்கெனவே தள்ளிப்போகும் அந்தப் பரிசோதனை அறவே நின்றுவிடுகிறது. தவிர்க்கக்கூடிய நோய் இது என்பதால்தான் இழப்பு கனக்கிறது. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களிடம் உணவு, நடை மாற்றமும் மெட்ஃபார்மின் மாத்திரையும் தனித்தனியே நீரிழிவு வருவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. சென்னையில் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்விலும், நீரிழிவின் விளிம்பில் இருந்த இந்தியர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே வாய்ப்பைக் கால்பங்குக்கு மேல் குறைத்தது. பாலிசிக்காக எடுத்த எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 5.9 என்று வந்தால் லோடிங் கசக்கும். ஆனால் நோய் தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது.

ஏற்கெனவே எழுதாமல் பாலிசி எடுத்துவிட்டவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. முப்பது நாட்களுக்குள் என்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துச் சரியான விவரத்தோடு புதிதாக விண்ணப்பிக்கலாம். அதைத் தாண்டியிருந்தால் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, மருத்துவ அறிக்கைகளை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் லோடிங் கேட்கலாம், பாலிசியை ரத்து செய்யவும் பார்க்கலாம். அந்தப் பேச்சுவார்த்தையை விஷயம் தெரிந்த ஆளே உயிரோடு இருந்து நடத்துவது, பின்னர் குடும்பம் நடத்துவதைவிட எவ்வளவோ மேல். வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்கள் புதிய விண்ணப்பத்தில் கர்ப்பகாலச் சர்க்கரையோடு இந்தப் பழைய பாலிசியையும் குறிப்பிட வேண்டும். புதிய பாலிசி வழங்கப்பட்டு ஆவணம் கைக்கு வரும் வரை பழையதன் பிரீமியத்தை நிறுத்தக் கூடாது.